கள்ள ஆட்டமும் கையடக்கக் கருவியும்



கோடை விடுமுறையில் டில்லியிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் தெற்கு நோக்கிப் புறப்படும் ரயில் பெட்டிகளில், ஒரு காலத்தில் சீட்டுக்கட்டும் தாயக்கட்டையும் பொழுதை ஓட்டின. இன்று அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டுவிட்டது. எனினும் சில குடும்பங்களில், மாமாவோ சித்தப்பாவோ அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து கொடுத்த பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கக் காணலாம். ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1989-இல் வெளியிட்ட கேம் பாய், 2001-இல் வெளியிட்ட கேம் பாய் அட்வான்ஸ், 2004-இல் வெளியிட்ட இரட்டைத் திரை கொண்ட டிஎஸ் ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. டிஎஸ் இனக் கருவிகள் மட்டும் உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்பனையாயின. அவற்றிற் சிலவேனும் நம்மவர் வீட்டு அலமாரிகளில் இருப்பதில் வியப்பில்லை.

இக்கருவிகளில் ஆட்டம் என்பது தனி அட்டையாக வரும். அட்டையைச் செருகினால் ஆட்டம், எடுத்தால் வெறுங்கருவி. இதற்கு மாற்றாக, ஒரு சிறு நினைவு அட்டையைத் தன் வயிற்றில் ஏற்றுக்கொண்டு, அதிலுள்ள ஆட்டங்களையும் நிரல்களையும் கருவிக்கு வழங்கும் ஒருவகை அட்டையைச் சில தயாரிப்பாளர்கள் ஆக்கினர். அதற்கே பிளாஷ் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். இதனோடு ஒட்டிப் பிறந்ததொரு வசதியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். ஆங்கிலத்தில் அதனைச் சீட் கோடு என்பர்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஆதலால் அச்சொல்லைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்வி என்னை எளிதில் விடவில்லை. ஏமாற்று என்றால் குற்றவியல் நீதிமன்றத்தின் வாடை வீசுகிறது. வஞ்சகம் என்றால் புராணத்திற்குப் போய்விடுகிறோம். நம் சிறுவர்களோ, பாண்டி விளையாட்டிலும் கோலிக்குண்டிலும் முறை பிறழ்ந்து ஆடுவோனைக் கண்டால், அழுகுணி ஆட்டம் என்பர், அல்லது கள்ள ஆட்டம் என்பர். அச்சொற்களில் கண்டிப்பும் உண்டு, சிரிப்பும் உண்டு. ஆகவே கள்ளக்குறி என்றே இக்கட்டுரை முழுதும் வழங்குவேன்.

கள்ளக்குறி யாது செய்கிறது? ஆட்டக்காரனுக்கு மூன்று உயிர் என்று ஆட்டம் வகுத்திருக்க, அதனைத் தொண்ணூற்றொன்பது ஆக்குகிறது. பையில் பத்துக் காசு இருக்க, பை நிரம்ப வைக்கிறது. சுவரை ஊடுருவிச் செல்ல விடுகிறது. இதனைச் செய்யும் வழி இரண்டு. ஆட்டத்தின் நிரல் எழுதப்பட்டிருக்கும் அழியா நினைவகத்தை அச்சிட்ட நூலுக்கு ஒப்பிடலாம். ஆடும்போது உயிர், காசு, இருக்குமிடம் முதலியவற்றைக் கருவி குறித்துக்கொள்ளும் தற்காலிக நினைவகத்தைக் கரும்பலகைக்கு ஒப்பிடலாம். நூலைப் படிக்கும்போது ஒரு சொல்லை மாற்றிப் படித்துக் காட்டுவது முதல்வழி. கரும்பலகையில் எழுதியதை நொடிக்கு நொடி அழித்து வேறு எழுதுவது இரண்டாம் வழி.

முதல்வழியிற் சென்றது கேம் ஜீனி என்னும் துணைக்கருவி. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் ஆக்கிய இதனை அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மை நிறுவனம் விற்றது. ஆட்ட அட்டைக்கும் கருவிக்கும் நடுவே அமர்ந்துகொண்டு, குறிப்பிட்ட முகவரியிலிருந்து கருவி ஓர் எண்ணைக் கேட்கும் கணத்தில் வேறோர் எண்ணைக் கொடுத்துவிடும் இடைத்தரகன் என்றே அதனைச் சொல்லலாம். அட்டையிலுள்ள நூல் அப்படியே இருக்கும்; படிப்பது மட்டும் மாறும். இரண்டாம் வழியிற் சென்றவை ஆக்ஷன் ரீப்ளே, கேம் ஷார்க் என்பன. டேட்டல் என்ற ஆங்கிலேய நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது.

இவ்விரண்டாம் வழியே டிஎஸ் காலத்துப் பிளாஷ் அட்டைகளுக்கும் வாய்த்தது. அதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஏனெனில் அட்டைக்கு அட்டை வேறுபாடு எழுவதும், வீட்டில் கண்ணீர் பெருகுவதும் இங்கேதான்.

டிஎஸ் கருவியின் முதன்மைத் தற்காலிக நினைவகம் 4 மெகாபைட் அளவினது. அதன் முகவரிகள் பதினாறு அடிமான எண்முறையில் 02 என்று தொடங்குகின்றன. 02100040 00000063 என்று ஒரு கள்ளக்குறி இருப்பதாகக் கொள்வோம். இது நான் விளக்கத்திற்காக அமைத்ததேயன்றி எந்த ஆட்டத்திற்கும் உரியதன்று. முற்பகுதி எங்கே எழுதுவது என்பதையும், பிற்பகுதி என்ன எழுதுவது என்பதையும் சொல்கின்றன. 63 என்பதை நம் கணக்கில் கொள்ள, ஆறு பதினாறு தொண்ணூற்றாறு, அதனுடன் மூன்று, ஆகத் தொண்ணூற்றொன்பது. முதல் எழுத்தாக நிற்கும் பூச்சியத்திற்குத் தனிப் பொருள் உண்டு. பூச்சியம் நின்றால் நான்கு பைட்டுகளை ஒருங்கே எழுது என்பது ஆணை. ஒன்று நின்றால் இரண்டு பைட்டுகள். இரண்டு நின்றால் ஒரே பைட்டு. காசு எண்ணிக்கை ஒரு பைட்டில் அடங்கியிருக்க, நான்கு பைட்டு ஆணையை இட்டால் என்னவாகும்? பக்கத்து மூன்று வீடுகளிலும் பூச்சியம் எழுதப்பட்டுவிடும். அங்கே ஆட்டக்காரனின் பெயர் இருந்ததோ, வாசற்கதவின் நிலை இருந்ததோ, யார் அறிவார்!

இனி, எழுதுவது யார் என்பது கேள்வி. அட்டையானது கருவி கேட்டதைக் கொடுக்கும் பணியாளேயன்றி, எழுந்து சென்று கரும்பலகையில் எழுதும் அதிகாரம் அதற்கில்லை. ஆகவே பிளாஷ் அட்டையின் நிரல், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் வேளையிலேயே, கருவியின் நினைவகத்தில் ஒரு மூலையில் தன் ஆள் ஒருவரைக் குடியமர்த்திவிட்டுச் செல்கிறது. திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகிறதல்லவா? அந்த ஒவ்வொரு முறையும் அவர் விழித்தெழுந்து, பட்டியலிலுள்ள குறிகளை வரிசையாக எழுதிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறார். ஆட்டம் காசை 98 ஆகக் குறைக்கும். மறுகணமே அவர் 99 ஆக்குவார். ஆட்டத்திற்கு ஒன்றும் தெரியாது.

இவ்வாறு ஆளைக் குடியமர்த்தாமல், உண்மையான ஆட்ட அட்டையைப் போல நடிப்பதோடு நின்றுவிடும் அட்டைகளும் உண்டு. 3டிஎஸ் கருவிக்கு வந்த ஸ்கை3டிஎஸ் அத்தகையது. அதில் கள்ளக்குறிக்கு இடமே இல்லை. இது குறையன்று, அதன் அமைப்பிலிருந்து தானே விளையும் முடிவு.

டிஎஸ் அட்டைகளுள் பெயர் பரவியது ஆர்-4. எம்3 சிம்ப்ளி என்பது அதன் இரட்டைப் பிறவி. 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவு அட்டையை அது ஏற்காது. அதில் கள்ளக்குறிகளை ஆட்டம் தொடங்குமுன் பட்டியலில் பார்த்துக் குறியிட்டுக்கொள்ள வேண்டும். தொடங்கியபின் மாற்ற வழியில்லை. வேண்டாமென்று தோன்றினால் ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, குறியை நீக்கி, மீண்டும் புகுதல் வேண்டும். புகைவண்டி நிலையத்தில் முன்பதிவு செய்த இருக்கையைப் போன்றது. ஏறியபின் மாற்றுவது அரிது. குறிகளெல்லாம் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டிருக்கும். கணிப்பொறியில் அதற்கென அமைந்த திருத்தி நிரலைக் கொண்டே கூட்டவும் குறைக்கவும் இயலும்.

பின்னாளில் ஆர்வலர் சிலர் ஆர்-4 அட்டைக்கு வுட் என்ற புது நிரலையும், ஏஸ்கார்டு 2, 2ஐ அட்டைகளுக்கு ஏகேஏஐஓ என்ற நிரலையும் எழுதினர். இவற்றிலும் ஆட்டத்திற்கு முன்னரே தெரிவு செய்யும் முறைதான். ஆயினும் யூஸர்சீட் என்று பெயர்பெற்ற பொதுவான தொகுப்புக் கோப்பை இவையிரண்டும் ஏற்றுக்கொண்டன. இது பெரும் நன்மை. பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எழுத்துச் சீர்திருத்தம் என்றிருந்தால் வாசகன் படும் பாட்டை நாம் அறிவோம், அது நீங்கினாற்போலாயிற்று. அத்தொகுப்பில் குறிகள் உறைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஓர் உறைக்குள் ஒன்றை மட்டுமே தெரிவு செய்யலாம் என்று கட்டுப்பாடு விதிக்கவும் வசதி உண்டு. வேகம் இருமடங்கு, வேகம் நான்மடங்கு என்ற இரு குறிகளையும் ஒருங்கே இட்டுக் கருவியைத் திணறடிக்காமல் காப்பது இதுவே. சிறிய செய்திதான், ஆனால் இதனை எண்ணி அமைத்தவர் சிறுவர்களோடு பழகியவராகத்தான் இருக்கவேண்டும்.

சைக்ளோ டிஎஸ் எவல்யூஷன் என்ற அட்டை வேறொரு படி மேலே சென்றது. ஆட்டத்தின் நடுவில் குறிப்பிட்ட பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால், ஆட்டம் நின்று ஒரு பட்டி தோன்றும். அங்கேயே கள்ளக்குறிகளை ஏற்றலாம், இறக்கலாம். ஆட்டத்தை மெதுவாக ஓடச் செய்யலாம். இருந்த நிலையை இருந்தவாறே சேமிக்கலாம். 2010-இல் வெளிவந்த சூப்பர்கார்டு டிஎஸ்டூ அட்டையிலும் இவ்வசதிகள் உண்டு. அது தனக்கெனத் தனிச் செயலகம் ஒன்றையும் சுமந்து வந்தது. அச்செயலகத்தின் பசிக்கு மின்கலமே இரை. ஆகவே நெடும்பயணத்திற்கு அது தகாது என்பது என் கருத்து. இட்டார்சி கடக்குமுன் விளக்கணையும் கருவியால் யாருக்கு என்ன பயன்?

இடைப்பட்டி இல்லாத அட்டைக்காரர் மனம் தளர வேண்டுவதில்லை. குறிகளுக்குள்ளேயே நிபந்தனை எழுதும் முறை இருக்கிறது. 94000130 என்று தொடங்கும் வரியைப் பல குறிகளின் தலைப்பில் காணலாம். அது பொத்தான்களின் நிலையைப் படித்து, இன்ன பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் மட்டும் அடுத்த வரியை நிறைவேற்று என்று கட்டளையிடுவது. இதனால் குறி ஏறியே இருந்தாலும், பொத்தானை அழுத்தும்வரை வாளாவிருக்கும். ஆட்டத்திற்கு முன்னரே தெரிவு செய்யும் அட்டைகளில் நான் விரும்புவது இத்தகைய குறிகளையே. டிஎஸ்ஸின் பன்னிரு விளையாட்டுப் பொத்தான்களில் பத்துக்கே இம்முகவரியில் இடமுண்டு. எக்ஸ், ஒய் என்ற இரண்டையும் படிப்பது கருவியிலுள்ள இரண்டாவது சிறிய செயலகம். அவற்றுக்கு வேறு முகவரி வேண்டும்.

குறியை இறக்கிவிட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. இறக்கியவுடன் எழுதுவது நிற்கும், எழுதியது நிற்காது. கடைசியாக எழுதப்பட்ட 99 கரும்பலகையிலேயே இருக்கும். அந்நிலையில் ஆட்டத்தைச் சேமித்தால், பொய்க்கணக்கு நிலையான கணக்காகிவிடும். சேமிப்புப் பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்க்க ஆட்டங்கள் ஒரு கூட்டுத்தொகையைக் கணித்து உடன் வைப்பது வழக்கம். பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் மாற்றி எழுதிய பின்னரே அத்தொகை கணிக்கப்படுவதால், பொய்க்கணக்கிற்கு ஆட்டமே தன் முத்திரையை வைத்துக் கொடுத்துவிடுகிறது.

கேம் பாய் அட்வான்ஸ் அட்டைகளின் நிலை சற்று வேறு. ஈஸி-ஃப்ளாஷ் ஒமேகா என்ற அட்டை, ஆட்டத்தின் நிரலில் ஒட்டுவேலை செய்து, தன் ஆளை அங்கே புகுத்துகிறது. கள்ளக்குறி, இருந்தவாறே சேமித்தல், உறக்கம் ஆகியவை அதன் கூடுதல் வசதிகள். ஆட்டத்தின் உடம்பிலேயே கத்தி வைப்பதால், சில ஆட்டங்கள் நிலைகுலைவதும் உண்டு. குறிகள் எழுத்துக் கோப்புகளாக இருப்பதால் எவரும் திறந்து படிக்கலாம். ஆனால் அக்காலத்து ஆக்ஷன் ரீப்ளே குறிகளை அப்படியே அதில் பெயர்த்தெழுத இயலாது. ஏனெனில், போட்டியாளர் கண்டுகொள்ளாதிருக்க, அந்நாளில் குறிகளைப் பூட்டெழுத்தில் வெளியிட்டனர். முதலிற் பூட்டைத் திறந்து உண்மை முகவரியைக் காணவேண்டும். தலைமைக்குறி என்றொன்றை முதலில் ஏற்றவேண்டும் என்ற விதியும் அக்காலத்துத் துணைக்கருவிகளுக்கு உண்டு. ஆட்டத்தின் நிரலில் எந்த இடத்தில் தொற்றிக்கொள்வது என்பதைக் காட்டிக்கொடுப்பது அது. பழைய கேம் பாய்க்கு வந்த எவர்டிரைவ் ஜிபி எக்ஸ்7 அட்டையோ கேம் ஜீனியின் பழைய குறிகளையே ஏற்கிறது. முப்பதாண்டுக்கு முன் அச்சிட்ட குறிப்பேடு கையில் இருந்தால் இன்றும் பயன்படும்.

இனி, என் தொழிலுக்கு அண்மையான ஒரு செய்தி. அட்டையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குரிய குறிகள் தொகுப்பாக இருக்க, நாம் திறந்த ஆட்டம் இன்னதென்று அட்டை எவ்வாறு அறிகிறது? ஒவ்வொரு டிஎஸ் ஆட்டத்திற்கும் நான்கெழுத்து அடையாளம் உண்டு. நான்காம் எழுத்து நாட்டைக் குறிக்கும்: அமெரிக்கப் பதிப்புக்கு ஈ, ஐரோப்பியப் பதிப்புக்குப் பி, ஜப்பானியப் பதிப்புக்கு ஜே. இதனோடு, ஆட்டக் கோப்பின் முகப்பிலுள்ள 512 பைட்டுகளைக் கொண்டு கணித்த ஒரு சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் பட்டியல் திறக்கும். ஜப்பானில் மட்டும் வெளிவந்த ஆட்டங்களை ஆர்வலர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலவவிடுவதுண்டு. மொழிபெயர்ப்பில் நிரலின் நீளம் மாறும், முகப்பு மாறும், எண் மாறும். மூலத்தை அறிந்த பட்டியலுக்கு மொழிபெயர்ப்பை அடையாளம் தெரியாது போய்விடும். மூல ஆசிரியரும் என் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ஏறக்குறைய அதே முகத்தோடுதான் என்னைப் பார்த்தார். அப்போது செய்யவேண்டியது, திருத்தி நிரலில் புது அடையாளத்தைச் சேர்த்து, ஒவ்வொரு குறியாகச் சோதித்து ஏற்றுவதே. முழுப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் விளைவது என்னவென்று என் வீட்டிலேயே கண்டேன்.

என் மகன் ஒன்பது வயதில் அனிமல் கிராஸிங்: வைல்டு வேர்ல்டு என்ற ஆட்டத்தில் ஓர் ஊரைத் தொடங்கினான். 2005-இல் வெளிவந்த ஆட்டம் அது. எங்களுக்குக் கிடைத்தது பழைய டிஎஸ் லைட் கருவியோடு. சண்டையில்லை, பகைவரில்லை. மரத்தில் பழம் பறித்து, மீன் பிடித்து, அயலாரோடு பேசிக் காலம் கழிக்கலாம். ஓர் ஊரில் நால்வர் குடியிருக்கலாம். நால்வருக்கும் ஒரே வீடு. என் மகள் இரண்டாவது குடியாக வந்து சேர்ந்தாள். ஆட்டத்திற்குள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதலாம். தமிழெழுத்து அதில் இல்லாததால், ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அண்ணனும் தங்கையும் மடல் பரிமாறிக்கொண்டனர். டில்லிக் குடியிருப்பில் பக்கத்து அறையில் இருந்துகொண்டே அவர்கள் எழுதிய தமிழ், பள்ளியில் எழுதியதைவிட அதிகம் என்று சொன்னால் மிகையன்று. மகன் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குச் சென்றபின், ஊரைப் பேணும் பொறுப்பு மகளிடம் வந்தது. விடுமுறையில் வரும்போதெல்லாம் அவன் ஓரிரு கடிதம் எழுதிவைத்துப் போவான்.

அந்த ஊரில் டாம் நூக் என்ற கடைக்காரர் வீட்டுக்கடன் கொடுத்து வைத்திருக்கிறார். வட்டியில்லை, தவணை நாளும் இல்லை. அரசாங்க ஊழியனாகிய எனக்கு அத்தகைய கடன்காரர் வாய்க்காதது என் விதி. அண்ணன் தீபாவளிக்கு வருமுன் கடனை அடைத்துவிட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. பணத்தைப் பெருக்கும் குறி ஒன்றை எங்கிருந்தோ கண்டெடுத்தாள். அது ஐரோப்பியப் பதிப்புக்குரியது; எங்களுடையதோ அமெரிக்கப் பதிப்பு. தானாக விட்டிருந்தால் அட்டை அதனை ஏற்றிராது. அவளோ திருத்தி நிரலைக் கற்றுக்கொண்டு, அமெரிக்கப் பதிப்பின் பெயரின் கீழ் அதனைச் சேர்த்துவிட்டாள். ஒருவகையில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

இரு பதிப்புகளிலும் நிரல் ஒத்திருப்பினும், கரும்பலகையில் இடங்கள் ஒத்திரா. ஐரோப்பியப் பதிப்பில் பணப்பை இருந்த முகவரியில், எங்கள் பதிப்பில் வேறேதோ இருந்திருக்கிறது. பணம் ஏறவில்லை. அஞ்சற்பெட்டியைத் திறந்தாள், சில கடிதங்களில் எழுத்து குலைந்திருந்தது, சில வெறுந்தாளாக இருந்தன. அந்தக் கணத்தில் கருவியை அணைத்திருந்தால் ஒன்றும் கெட்டிராது. கரும்பலகை அழிந்து, பழைய சேமிப்பு மட்டும் நின்றிருக்கும். ஆனால் இந்த ஆட்டத்தில் சேமிக்காமல் அணைப்போரை, அடுத்தமுறை மண்ணைக் கிளறி எழுந்து நெடுநேரம் வசைபாட ரெசெட்டி என்றோர் அகழெலி காத்திருக்கிறது. சிறுவயதில் அதற்கு அஞ்சி அழுதவள் அவள். பழக்கத்தின் அச்சத்தால் சேமித்துவிட்டு அணைத்தாள். முத்திரை விழுந்துவிட்டது.

இரவு பதினொரு மணிக்கு என்னிடம் வந்து, "அப்பா, அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

பிளாஷ் அட்டைக்கு ஒரு சிறப்புண்டு. உண்மையான ஆட்ட அட்டைக்கு அது இல்லை. சேமிப்பு ஒரு தனிக் கோப்பாக நினைவு அட்டையிலேயே கிடக்கிறது. நினைவு அட்டையைக் கழற்றிக் கணிப்பொறியில் இட்டு, அக்கோப்பைப் படியெடுத்து வைப்பது இரண்டு நிமிட வேலை. நாங்கள் அதனைச் செய்திருக்கவில்லை. மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில் நினைவு அட்டை முழுவதையும் படியெடுத்து வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருப்பதாகச் சொன்னான். தேடினோம், கிடைத்தது. அந்நாள்வரை எழுதிய கடிதங்கள் அனைத்தும் மீண்டன. அதற்குப் பிந்திய எட்டு மாதம் மீளவில்லை. அவன் பொங்கல் விடுமுறையில் எழுதிய மடலும் அவற்றுள் ஒன்று. என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, நினைவில்லை என்றான்.

ஆகவே அட்டைகளை ஒப்பிடுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை குறிகளை ஏற்கும் என்பதன்று; சேமிப்பை எங்கே வைக்கிறது, எளிதில் படியெடுக்கலாமா என்பதே. அடுத்த கேள்வி, நடுவில் குறியை இறக்க இயலுமா என்பது. மற்றவையெல்லாம் அதன் பின்னர்தான். இருந்தவாறே சேமிக்கும் வசதியைச் சேமிப்புக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. அது கரும்பலகையைப் புகைப்படம் எடுப்பது. கெட்ட கரும்பலகையாயின் படமும் கெட்டதே. அங்காடிகளில் ஆர்-4 என்ற பெயரைத் தாங்கிப் பல போலிகள் உலவுகின்றன. அவற்றுட் சில, குறித்ததொரு தேதி கடந்ததும் இயங்க மறுக்குமாறு அமைந்தவை. கருவியின் நாட்காட்டியைப் பின்னோக்கித் திருப்பினால் அவை மீண்டும் ஓடும் என்பர். ஆனால் நாளைக் கொண்டே இயங்கும் எங்கள் ஊர் போன்ற ஆட்டத்தில் அவ்வாறு செய்தால் வேறு குழப்பம் விளையும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். இச்சிறு அட்டையில் இரண்டு விவகாரங்கள் பின்னிக் கிடக்கின்றன. நீதிமன்றங்கள் அவற்றைப் பிரித்தே பார்த்துள்ளன. கேம் ஜீனியை எதிர்த்து நின்டெண்டோ அமெரிக்காவில் வழக்காடியது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் கலூப் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. விற்பனை இடைக்காலத்தில் தடுக்கப்பட்டிருந்ததற்கு ஈடாக ஒன்றரைக் கோடி டாலர் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு டேட்டல் விற்ற துணை நிரல் பற்றிய வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் அதே திசையில் கருத்துரைத்தது. மோட்டார்ஸ்டார்ம் என்ற ஓட்டப்பந்தய ஆட்டத்தில் வேக ஊக்கியின் எல்லையை நீக்கும் குறிகள் அங்கே கேள்விக்குள்ளாயின. ஆட்டத்தின் நிரலைத் தொடாமல், ஓடும்போது தற்காலிக நினைவகத்தில் எழுதப்படும் மதிப்புகளை மட்டும் மாற்றுவது, நிரலுக்கு உரிய பதிப்புரிமைப் பாதுகாப்பின் எல்லைக்குள் வராது என்பது அம்மன்றத்தின் முடிவு. நான் சொன்ன நூல், கரும்பலகை உவமை அங்கே சட்டமாகவே நிற்கிறது.

அட்டையின் நிலையோ வேறு. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் ஆர்-4 போன்ற அட்டைகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. இங்கிலாந்தின் உயர்நீதிமன்றமும் 2010-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. காசு கொடாமல் படியெடுத்த ஆட்டங்களை ஓட்டவே அவை பெரிதும் பயன்பட்டன என்பதை மறுப்பார் இல்லை. நம் நாட்டிலும், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 65அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் கருத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பது அதன்படி குற்றம். இரண்டாண்டுவரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. ஆகவே கள்ளக்குறியைக் காட்டிலும் கள்ளப்படியே அஞ்சத்தக்கது. கடையில் அட்டையோடு நூறு ஆட்டங்களை இனாமாகத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிறரோடு போட்டியிட்டு ஆடும்போது குறியை ஏற்றலாமா என்ற கேள்வி டிஎஸ்ஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. இணையவழி ஆடுவதற்கு நின்டெண்டோ நடத்திவந்த சேவை 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. எஞ்சியிருப்பது ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டம்தான். அங்கே கள்ள ஆட்டம் ஆடினால் அக்காள் கையிலிருந்து குட்டு விழும். வேறு சட்டம் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சேமிப்புக் கோப்பைத் தேதியிட்டுப் படியெடுத்து வைக்கிறோம். டாம் நூக்கின் கடன் இன்னும் பாக்கியிருக்கிறது. மகள் கடற்கரையில் மீன் பிடித்து விற்று அடைத்து வருகிறாள். தொலைந்த பொங்கல் மடலுக்கு ஈடாக அண்ணன் இந்தமுறை தபாலில் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறான், தமிழெழுத்திலேயே. அதில் மூன்று ஒற்றுப்பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை.